பள்ளிக்கூடத்தில் கல்லூரிப் பாடம்: தரத்துக்கு யார் பொறுப்பு?

(இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு மாணவன்)



ஆண்டு மலர் என்றால் கவிதை வேண்டும், காதல் வேண்டும், ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி நாலு ஜோக்காவது வேண்டும். அதெல்லாம் மற்ற பக்கங்களில் தாராளமாக இருக்கிறது. படித்துச் சிரித்துவிட்டு மெதுவாக இந்தப் பக்கத்துக்கு வாருங்கள். நான் எழுத வந்த விஷயம் கொஞ்சம் வறட்சியானது. ஆனால் நம் வகுப்பில் கால்வாசிப் பேருடைய தலையெழுத்து அதில்தான் இருக்கிறது.

இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது நம் வகுப்புக்குப் புதிதாகச் சிலர் வருகிறார்கள் அல்லவா? 'லேட்டரல்' என்று ஒரே வார்த்தையில் முத்திரை குத்திவிடுகிறோமே, அவர்களைப் பற்றித்தான். பிளஸ் டூ முடித்துவிட்டு நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்பவர்கள். நாம் முதலாம் ஆண்டில் முட்டி மோதிய கணிதம், இயற்பியல், வேதியியல், பொறியியல் வரைபடம், பணிமனை எதையும் அவர்கள் இங்கே எழுத வேண்டியதில்லை. ஏன்? பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு வருடம் பாலிடெக்னிக்கின் முதல் வருடத்துக்குச் சமம் என்று விதி சொல்கிறது.

விதி நல்ல விதிதான். அதை எடுத்துவிடச் சொல்லி நான் எழுதவில்லை. பிளஸ் டூ படித்தவன் ஒரு வருடத்தை மிச்சம் பிடிப்பது என்பது ஒரு ஏழைக் குடும்பத்துக்கு ஒரு வருடச் சம்பளம். என்னுடைய கேள்வி வேறு. 'சமம்' என்று ஒரு சொல்லைப் போட்டார்களே, அதை யார் அளந்தது? எந்தக் கருவியால் அளந்தது?

என் வகுப்பிலேயே இரண்டு பேர். பெயர் வேண்டாம். இரண்டு பேரும் பிளஸ் டூவில் தொழிற்கல்விப் பிரிவு. ஒரே பாடப்புத்தகம், ஒரே அரசுத் தேர்வு. மார்க்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எட்டோ ஒன்பதோ வித்தியாசம். மூன்றாவது செமஸ்டர் ஒர்க் ஷாப்பில் முதல் நாள். ஒருவன் லேத்துக்குப் பக்கத்தில் போனான். ஃபோர் ஜா சக்கில் ஜாப்பை மாட்டி, டயல் கேஜை வைத்து, முள் ஆடாமல் நிற்கும்வரை நிதானமாகச் சரி செய்தான். நாங்கள் முதலாம் ஆண்டில் ஃபைலைத் தேய் தேய் என்று தேய்த்தவர்கள், வாயைப் பிளந்து நின்றோம். இன்ஸ்ட்ரக்டரே, "தம்பி எந்த ஸ்கூலுப்பா?" என்று கேட்டார்.

இன்னொருவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். அவனைக் கூப்பிட்டால் அசையவில்லை. பிறகு கேன்டீனில் சொன்னான்: அவன் பள்ளியிலும் லேத் இருந்தது. தார்ப்பாய் போர்த்தி இருந்தது. பெல்ட் கிடையாது, மும்முனை மின் இணைப்பை எப்போதோ துண்டித்துவிட்டார்கள். தொழிற்கல்வி சார் ஓய்வு பெற்றுப் போனார். அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. வேறு பாடம் நடத்துகிற ஆசிரியர் ஒருவர் வந்து புத்தகத்தை வாசித்துவிட்டுப் போவாராம். ரெக்கார்டு நோட்டை முந்தைய செட்டைப் பார்த்து அப்படியே எழுதினார்களாம். "செய்முறைத் தேர்வுல என்னடா பண்ணுனீங்க?" என்று கேட்டேன். "படம் வரஞ்சு பாகம் குறிச்சோம் மாப்ளே" என்றான். அதற்கு மார்க் வந்துவிட்டது.

அவனிடம் இன்ஸ்ட்ரக்டர் கேட்ட கேள்வி: "வொக்கேஷனல்ல ரெண்டு வருசம் என்னத்தய்யா படிச்ச?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் அவன்தானா? இதுதான் எனக்கு உறுத்துகிறது.

நம் மெட்ராலஜி பாடத்தில் 'கோ, நோ கோ' கேஜ் படிக்கிறோம். ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது; அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஜாப்பின் சரியான அளவு என்ன, எந்த மெஷினில் கடைந்தார்கள் என்பதெல்லாம் அதற்குக் கவலை இல்லை. பொதுத்தேர்வு மார்க் அப்படிப்பட்ட ஒரு கேஜ். நூற்றுக்கு 35 வந்தால் 'கோ'. ஆனால் கோ-நோ கோ கேஜை நம்பி வேலை நடத்துகிற ஒர்க் ஷாப்பில்கூட அந்த கேஜையே அவ்வப்போது எடுத்து ஸ்லிப் கேஜோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தேய்ந்த கேஜ் எல்லாவற்றையும் பாஸ் பண்ணிவிடும் என்பது அனுபவஸ்தர்களுக்குத் தெரியும். பள்ளியின் செய்முறை மார்க்கை எந்த ஸ்லிப் கேஜோடு நாம் ஒப்பிட்டுப் பார்க்கிறோம்?

கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும். 1978-ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது. அதுவரை பள்ளி பதினோரு வருடம், பிறகு கல்லூரியில் ஒரு வருடம் பி.யூ.சி. நம் அப்பாக்கள், பெரியப்பாக்கள் 'பி.யூ.சி. ஃபெயில்' என்று பெருமையாகவே சொல்லிக்கொள்வார்களே, அந்தப் படிப்புதான். அதை எடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் மேல்நிலை என்று வைத்தார்கள். கல்லூரிப் பாடம் பள்ளிக்கூடத்துக்குள் வந்த மிகப் பெரிய நிகழ்ச்சி நம் ஊரில் அதுதான். முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980-ல் நடந்தது.

அப்போதே, அதே 1978-ல், தொழிற்கல்விப் பிரிவும் மேல்நிலைப் பள்ளிகளில் தொடங்கப்பட்டது. அதே வருடம் மத்திய அரசு அமைத்த குழு ஒன்று மேல்நிலைக் கல்வியையும் தொழிற்கல்வியையும் ஆராய்ந்து அறிக்கை தந்தது. தலைவர் நம் வேலூரில் பிறந்த மால்கம் ஆதிசேஷையா. அறிக்கையின் தலைப்பே 'செய்யக் கற்றல்' என்ற பொருளில் அமைந்தது. தார்ப்பாய் போர்த்திய லேத்தை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! 1986-ன் தேசியக் கல்விக் கொள்கை இன்னும் ஒரு படி மேலே போய், 1995-க்குள் மேல்நிலை மாணவர்களில் 25 சதவீதம் பேர் தொழிற்கல்வியில் இருக்க வேண்டும் என்று எழுதியது. 1992-ல் திருத்தும்போது அந்தக் கெடுவை 2000-க்குத் தள்ளி வைத்தார்கள். 2000-மும் வந்து போய்விட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பி.யூ.சி. பாடம் பள்ளிக்கு வந்தபோது அதை நடத்த முதுகலைப் பட்டம் பெற்ற ஆசிரியர் வேண்டும் என்று விதித்தார்கள். இயற்பியலுக்கு எம்.எஸ்சி. இயற்பியல், கணிதத்துக்கு எம்.எஸ்சி. கணிதம். அது ஒரு தரம். காகிதத்திலாவது தெளிவாக இருந்தது. தொழிற்கல்விப் பக்கம் வந்தவர்களில் பலரைப் பகுதி நேரம், தொகுப்பூதியம் என்றுதான் வேலைக்கு எடுத்தார்கள். ஒரே கூரை, ஒரே மணி, இரண்டு தராசு! அதில் எத்தனையோ பேர் தங்கள் கைக்காசைப் போட்டு டூல் பிட் வாங்கிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் முதலில் சொன்ன நண்பன் அப்படி ஒரு சாரிடம் படித்தவன்தான். ஆனால் நல்ல வாத்தியார் கிடைப்பது அதிர்ஷ்டம் என்றால், அதற்குத் தரம் என்று பெயர் வைக்க முடியுமா?

சரி, தொழிற்கல்வியை விடுங்கள். கணிதம், இயற்பியல், வேதியியல் படித்துவிட்டு வருகிற லேட்டரல் நண்பர்களைப் பாருங்கள். கணக்கில் நம்மைத் தூக்கிச் சாப்பிட்டு விடுவார்கள். ஆனால் டிராயிங் போர்டை வாழ்க்கையில் முதல்முறையாக மூன்றாவது செமஸ்டரில்தான் பார்க்கிறார்கள். மினி டிராஃப்டரை எந்தப் பக்கம் மாட்டுவது என்று தெரியாது. ஃபர்ஸ்ட் ஆங்கிள் புரொஜெக்‌ஷன் என்றால் என்ன என்று தெரியாது. எலிவேஷனுக்குக் கீழே பிளான் ஏன் வருகிறது என்று நமக்கே ஆறு மாதம் ஆனது! அவர்களுக்கோ முதல் வாரமே மெஷின் டிராயிங். ஃபிளாஞ்ச் கப்ளிங்கை அசெம்பிள் பண்ணு என்றால் எப்படிப் பண்ணுவார்கள்? அரியர் விழுகிறது. விழுந்ததும், "லேட்டரல் பசங்க இப்படித்தான்" என்று ஒரு பேச்சு.

ஆக இரண்டு வகை ஓட்டை. ஒன்றில், பாடம் பள்ளியில் பெயரளவில் நடந்தது. மற்றொன்றில், பாடம் நடக்கவே இல்லை. ஆனாலும் நடந்ததாக வைத்துக்கொண்டோம். இரண்டுக்கும் 'சமம்' என்று ஒரே ரப்பர் ஸ்டாம்ப்.

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரிப் பாடம் நடத்துவது பெரிய அளவில் நடக்கிறது. பள்ளி ஆசிரியரே நடத்துவார். மாணவனுக்குக் கல்லூரியின் கிரெடிட் கிடைக்கும். பிறகு கல்லூரியில் சேரும்போது அந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டியதில்லை. நியூயார்க் மாநிலத்தில் சிரக்யூஸ் பல்கலைக்கழகம் 1972-லேயே இதற்கென ஒரு திட்டத்தைத் தொடங்கிவிட்டது. அங்கேயும் இதே சந்தேகம்தான் வந்தது. "பள்ளிக்கூடத்து வாத்தியார் நடத்தியது எப்படி எங்கள் பாடத்துக்குச் சமம் ஆகும்?" என்று வேறு கல்லூரிகள் கேட்டன. கிரெடிட் வாங்கிய பையன் வேறு கல்லூரிக்குப் போனால் செல்லாக்காசு என்று திருப்பி அனுப்பிய இடங்களும் உண்டு.

அப்போது அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. இப்படிப் பாடம் நடத்துகிற கல்லூரிகள் சேர்ந்து 1999-ல் ஒரு தேசிய அமைப்பை உருவாக்கின. 2002-ல் தர விதிகளை எழுதி ஏற்றுக்கொண்டன. அந்த விதிகளைப் படித்துப் பார்த்தால், முக்கால்வாசி விதிகள் மாணவனைப் பற்றியோ பள்ளியைப் பற்றியோ அல்ல. கல்லூரி என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி! பள்ளியில் நடக்கிற பாடம் கல்லூரிப் பாடப் பட்டியலில் உள்ள அதே பாடமாக இருக்க வேண்டும். பெயரைப் போல வைத்து ஒப்பேற்றக் கூடாது. பள்ளி ஆசிரியரைக் கல்லூரியின் அந்தத் துறையே பார்த்து ஒப்புதல் தர வேண்டும். பாடம் தொடங்கும் முன் அவருக்குப் பயிற்சி தர வேண்டும். பிறகு வருடா வருடம் துறையோடு தொடர்பு இருக்க வேண்டும். கல்லூரி ஆசிரியர் பள்ளிக்கு நேரில் போய் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கல்லூரி மாணவனை எந்தத் தேர்வால், எந்த மதிப்பீட்டால் அளக்கிறார்களோ அதே அளவுகோலால் பள்ளி மாணவனையும் அளக்க வேண்டும். படித்துப் போனவர்களிடம் பிற்பாடு கேட்டறிந்து, பாடம் உதவியதா என்று பார்க்க வேண்டும்.

இந்த விதிகளுக்கு உட்பட்டு அங்கீகாரம் வாங்குவது அங்கே கல்லூரிகளின் விருப்பம்தான். எல்லாரும் வாங்கிவிட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் எல்லாம் ஒழுங்கு, நம் ஊரில் எல்லாம் குப்பை என்று எழுதுகிற ரகமும் நான் இல்லை. அங்கேயே வேறொரு வழியும் ஓடுகிறது. 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' என்று 1950-களிலிருந்து நடக்கிறது. அதில் வருடக் கடைசியில் நாடு முழுவதற்கும் ஒரே பரீட்சை. ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். அதைப் பார்த்துக் கல்லூரி கிரெடிட் தரும், அல்லது தராது. அது கோ-நோ கோ வழி. எழுத்துப் பாடத்துக்கு அது ஓரளவு சரிப்படலாம். லேத்துக்குச் சரிப்படுமா? மூன்று மணி நேரத் தேர்வில் ஒருவன் கை பழகியிருக்கிறதா என்று எத்தனை பேருக்குப் பார்க்க முடியும்? நம்முடையதைப் போன்ற கைவேலைப் படிப்புக்கு, பாடம் நடக்கும்போதே போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு நண்பர் குறுக்கே பேசுவார்: "தரம் தரம்னு பேசினா கடைசில யாரு வெளிய நிப்பா? கிராமத்துப் பையன்தான் நிப்பான்." நியாயமான பயம். இதுவும் அங்கே நடந்திருக்கிறது. அமெரிக்காவின் மத்தியப் பகுதிக் கல்லூரிகளை அங்கீகரிக்கிற குழு ஒன்று, இப்படிப் பாடம் நடத்துகிற பள்ளி ஆசிரியருக்கு அந்தப் பாடத்தில் முதுகலைப் பட்டம் வேண்டும், அல்லது வேறு முதுகலையோடு அந்தப் பாடத்தில் 18 கிரெடிட்டாவது படித்திருக்க வேண்டும் என்று 2015-ல் கண்டிப்பாகச் சொன்னது. கிராமப்புறப் பள்ளிகள் அலறின. அங்கே இருபது வருடம் நன்றாகப் பாடம் நடத்தியவரிடம் கல்வியியலில் முதுகலை இருந்தது, பாடத்தில் இல்லை. அவரை எடுத்துவிட்டால் அந்த ஊரில் பாடமே இல்லை. கடைசியில் கெடுவைப் பல வருடங்கள் தள்ளி வைக்க வேண்டி வந்தது.

ஆகவே தரம் என்பதைச் சுவராகவும் கட்டலாம், படிக்கட்டாகவும் கட்டலாம். பட்டத்தைக் காட்டு, இல்லாவிட்டால் மூடு என்றால் அது சுவர். சென்னையில் உள்ள பள்ளி தப்பித்துவிடும். மலையடிவாரத்துப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவை மூடி, அந்த அறையில் பழைய பெஞ்சுகளைப் போட்டுவிடுவார்கள். ஏற்கெனவே ஆசிரியர் ஓய்வு பெற்றதோடு மூடிய பிரிவுகள் போதாதா? ஒரு வருடத்தை உனக்குத் தள்ளுபடி செய்கிறேன் என்று சொல்கிற பாலிடெக்னிக்கே, அந்த வருடம் எப்படி நடந்தது என்று பார்க்கிற கடமையையும் எடுத்துக்கொண்டால் அது படிக்கட்டு. என் கட்சி இரண்டாவது. தள்ளுபடி கொடுக்கும்போது அட்மிஷன் நிரம்புகிறது, நம் கல்லூரிக்கு நல்லது. பள்ளிக்கும், "எங்கள் பையன் நேரடியாக இரண்டாம் ஆண்டு" என்று பெருமை. நஷ்டம் யாருக்கு? ஓரமாகக் கையைக் கட்டி நிற்கிறவனுக்கு மட்டும். லாபத்தில் பங்கு உள்ளவர்கள் பொறுப்பிலும் பங்கு எடுக்க வேண்டுமா வேண்டாமா?

இதில் நமக்கு ஒரு சுயநலமும் இருக்கிறது, மறைப்பானேன். நாளைக்கு நம்மில் பலர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகப் போய் உட்காரப் போகிறோம். அங்கே நாம்தான் லேட்டரல்! நமக்கு முந்தைய செட் அண்ணன்களைக் கேட்டுப் பாருங்கள். இன்டக்ரேஷன் வரும்போது பிளஸ் டூ முடித்து முதல் வருடமும் படித்தவர்கள் சடசடவென்று போட, டிப்ளமோக்காரன் பேந்தப் பேந்த முழிப்பான். லேபுக்குப் போனால் நிலைமை தலைகீழ். "டிப்ளமோ பசங்களா?" என்று அங்கே ஒரு குரல் வரும். அந்தக் குரல் நமக்கு வலிக்கும் என்றால், நம் வகுப்பில் நாம் எழுப்புகிற குரல் என்ன?

நடைமுறைக்கு வருவோம். பெரிய பெரிய கோரிக்கைகளை எழுதி மேலே அனுப்பினால் அது ஃபைலில் தூங்கும் என்பது தெரிந்ததே. நம் பாலிடெக்னிக்கிலேயே காலியிடங்கள் இருக்கின்றன. கௌரவ விரிவுரையாளர்கள் ஓடி ஓடி நடத்துகிறார்கள். அவர்களை ஊர் ஊராக அனுப்பு என்றால் சிரிப்பார்கள். அதனால் சின்னதாகக் கேட்கிறேன். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் இருக்கிற, இயந்திரவியல், மின்னியல் தொழிற்பிரிவு உள்ள மேல்நிலைப் பள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நம் துறையிலிருந்து ஒரு ஆசிரியர் செமஸ்டருக்கு ஒரு தடவை போய் ஒரு செய்முறை வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வரட்டும். அதிகாரியைப் போல அல்ல, அந்தச் சாரோடு டீ குடித்து, "என்ன சார் குறை?" என்று கேட்கிற மாதிரி. லேத் ஓடாத பள்ளி என்றால், அந்தப் பிள்ளைகளை வருடத்துக்கு நாலு சனிக்கிழமை நம் ஒர்க் ஷாப்புக்கு அழைத்து வரலாம். நம் மெஷின்கள் சனிக்கிழமை சும்மாதானே நிற்கின்றன! நம் முதலாம் ஆண்டு மாணவன் செய்கிற அதே ஸ்டெப் டர்னிங் ஜாப், அதே டிராயிங் ஷீட், அதே டாலரன்ஸ். அதை அவன் செய்து பார்த்துவிட்டால் 'சமம்' என்ற சொல்லுக்கு முதல்தடவையாக ஒரு அர்த்தம் வரும்.

இங்கே சேர்ந்துவிட்டவர்களுக்கு மூன்றாவது செமஸ்டர் தொடங்கும் முன் மூன்று வாரம் இணைப்பு வகுப்பு வேண்டும். பிளஸ் டூ கணிதப் பிரிவில் வந்தவனுக்கு டிராயிங்கும் ஃபிட்டிங்கும். தொழிற்பிரிவில் வந்தவனுக்குக் கணக்கு. தொழிற்பிரிவில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றில் ஒன்றை மட்டும் படித்திருந்தாலும் சேரத் தகுதி உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அவனிடம் போய் டிஃபரன்ஷியேஷன் தெரியாதா என்று கேட்பது என்ன நியாயம்?

இன்னொன்று. லேட்டரலாக வந்தவர்கள் ஒவ்வொரு பாடத்திலும் எப்படித் தேறுகிறார்கள் என்று நம் கல்லூரியில் யாராவது தனியாகக் கணக்கு வைத்திருக்கிறார்களா? நான் விசாரித்தவரை இல்லை. அந்தக் கணக்கைப் பேரவையே எடுக்கலாம். பெயர் இல்லாமல், பாடவாரியாக எடுத்து, அந்தந்தப் பள்ளித் தலைமை ஆசிரியருக்கு முதல்வர் மூலமாக ஒரு கடிதம். "உங்கள் பிள்ளைகள் டிராயிங்கில் திணறுகிறார்கள், லேத்தில் நன்றாகச் செய்கிறார்கள்" என்று நாலு வரி போதும். பிள்ளையை அனுப்பிய பள்ளிக்கு அவன் என்ன ஆனான் என்ற செய்தியே இன்றுவரை போவதில்லை.

இதில் பேரவைக்குச் செலவு என்று பார்த்தால் தபால்தலையும் சனிக்கிழமை டீயும்தான். ஒர்க் ஷாப்பைத் திறக்க முதல்வர் அனுமதி வேண்டும். கூட இருக்க ஒரு இன்ஸ்ட்ரக்டர் சார் வேண்டும். கேட்டால் இரண்டு பேர் வருவார்கள் என்று நம்புகிறேன். யார் என்று உங்களுக்கே தெரியும். டிராயிங் சொல்லிக்கொடுக்க மூன்றாம் ஆண்டிலிருந்து ஐந்து பேர் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டோம். அதில் ஒருவன், ஃபோர் ஜா சக்கில் எங்களை வாய் பிளக்க வைத்த அந்த லேட்டரல் நண்பன். அவன் லேத் பக்கம் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். மின்னியல் துறையிலிருந்தும் அமைப்பியல் துறையிலிருந்தும் இன்னும் ஒருவரும் வரவில்லை. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் பேரவைச் செயலாளரிடம் இந்த மாதக் கடைசிக்குள் கொடுத்துவிடுங்கள். வரும்போது சொந்த மினி டிராஃப்டர் இருந்தால் எடுத்து வாருங்கள், கல்லூரியில் இருப்பது பத்துதான்.